கொடைக்கு வந்த ஆறு நாள்

முதல் நாள் – வியாழன், மார்ச் 7, 2024

இரணியலில் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அதிக நேரம் நிற்காது. நான் இறங்கி, பெட்டியை இறக்கி மூச்சு விடுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. எதிர் சீட்டுக்காரர் ஜன்னல் வழியாக ஒரு காலி சாக்குப்பையை என் காலடியில் எறிந்தார். மறந்துவிட்டுப் போகிறேன் என்று பதறியிருப்பார் பாவம். நான் அதற்காகத்தான் வந்ததே. சட்டி கட்டிக்கொண்டு போகிற சாக்கு அது. பெங்களூரில் மண்சட்டி கிடைக்காதா என்று கேட்காதீர்கள். கிடைக்கும். அது வேறு சட்டி.

மாசிக் கொடைக்கு, அதாவது கன்னியாகுமரி மாவட்டத்து மண்டைக்காடு அம்மன் கோயில் திருவிழாவுக்கு, ஊருக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளைகளுக்கு மார்ச் மாதம்தான் பரீட்சை. மே லீவுக்கு வந்தால் மாம்பழம் கிடைக்கும், கொடை கிடைக்காது. இந்த வருஷம் இளையவனும் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான். காலண்டரைப் பார்த்தால் சிவராத்திரியும் கொடையும் ஒரே வாரத்தில் வருகின்றன. 3ஆம் தேதி மண்டைக்காட்டில் கொடியேற்று, 12ஆம் தேதி செவ்வாய்க்கிழமை கடைசி நாள் ஒடுக்கு பூஜை, நடுவில் 8ஆம் தேதி சிவராத்திரி. உடனே டிக்கெட் போட்டேன்.

எங்கள் ஊர் திங்கள்சந்தையிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். திங்கட்கிழமை சந்தை கூடிய இடம் திங்கள்சந்தை. வெள்ளிக்கிழமை கூடியது வெள்ளிச்சந்தை. கிழமையை ஊருக்குப் பேராக வைத்துக்கொண்டு வாழ்கிற ஜனங்கள் நாங்கள். அதனாலோ என்னவோ வீட்டிலும் வருஷக் கணக்கு கிடையாது, திருவிழாக் கணக்குதான். தம்பி எப்போது பிறந்தான் என்று அம்மாவிடம் கேட்டால் தேதி வராது. "சுசீந்திரத்துத் தேரோட்டம் கழிஞ்சி மூணாம் நாளு" என்பாள். பெரியம்மா செத்தது கோட்டாத்துத் திருநாளுக்குக் கொடி ஏறின அன்றைக்கு. அப்பா போனது ஒக்கிப் புயல் அடித்த வருஷத்துக் கொடை முடிந்த மறுவாரம்.

அம்மாவுக்கு எழுபத்துநாலு. முட்டுவலி. வாசல் நடையில் உட்கார்ந்து என் சாக்குப்பையைப் பார்த்துச் சிரித்தாள். "சாக்கு எடுத்தியா? அப்பம் சட்டி வாங்கத்தான் வந்திருக்க. என்னய பாக்க இல்ல."

சாயங்காலம் அலமாரியில் போர்வை தேடும்போது அப்பாவின் நோட்டுகள் கிடைத்தன. அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர், வீட்டிலும் எழுதினார். நீலக்கோடு போட்ட நீள நோட்டு, கருநீல மை, ஒன்றின் கீழ் ஒன்றாக எண்கள். ஒவ்வொரு மாசியிலும் ஒரு பக்கம் "கொடைச் செலவு". 1985இல் இருப்பது இப்படி: பஸ் 2.40, வளையல் 3.00, சுளவு (முறம்) 5.50, சட்டி இரண்டு 8.00, ராட்டினம் 2.00, பொரி 1.00. சட்டிக்கு நேரே ஓரத்தில் சின்ன எழுத்தில்: "விலை அதிகம். அடுத்த வீட்டில் 3.25."

புரட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லா வருஷமும் சட்டிக்கு நேரே அப்படி ஒரு குறிப்பு. அப்பா வாய்விட்டும் சொல்வார், எனக்கு நன்றாக ஓர்மை இருக்கிறது. "இவளுக்குப் பேரம் பேசத் தெரியாது. எவனும் ஏமாத்திப்போடுவான்." அம்மா ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. புதுச்சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள்.


இரண்டாம் நாள் – வெள்ளி, சிவராத்திரி

விடியும் முன்பே ரோட்டில் சத்தம். "கோவிந்தா... கோபாலா..."

வெளியூர்க்காரர்களுக்கு இந்தச் சிவாலய ஓட்டம் விசித்திரமாக இருக்கும். பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு ஓடுகிறார்கள், கூப்பிடுவதோ பெருமாளை. முஞ்சிறை திருமலையில் முந்தின நாள் சாயங்காலம் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை என்று மேற்கிலும் வடக்கிலும் மலையடிவாரமாகச் சுற்றி, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு வழியாக எங்கள் பக்கம் திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு வந்து, திருப்பன்றிக்கோடு தொட்டு, திருநட்டாலத்தில் முடியும். ஏறக்குறைய 110 கிலோமீட்டர். காவி வேட்டி, இடுப்பில் சின்னத் துணிப்பை, கையில் பனையோலை விசிறி. விசிறி தனக்கு வீச அல்ல, சாமிக்கு வீச.

கதை புருஷாமிருகத்தின் கதை. பாதி மனிதன், பாதி மிருகம், முரட்டுச் சிவபக்தன். விஷ்ணு பேர் காதில் விழுந்தால் கொன்றுவிடுவான். அவனைக் கூட்டிவரப் பீமனை அனுப்பும் கிருஷ்ணன், கையில் பன்னிரண்டு ருத்திராட்சம் கொடுத்துவிடுகிறான். பீமன் "கோவிந்தா, கோபாலா" என்று கத்துவான். மிருகம் துரத்தும். பிடிக்க வரும்போது ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போட்டால் அது லிங்கமாகும். மிருகம் நின்று பூஜை செய்யும். பீமன் மறுபடி கத்துவான். சிறுபிள்ளையில் எனக்குப் பீமன்மேல் கோபம்தான் வரும். சும்மா இருக்கிறவனைச் சீண்டிவிட்டு ஓடுவது எந்த ஊர் வீரம்?

அப்பா ஏழு வருஷம் ஓடியிருக்கிறார். அவருடைய விசிறி இன்னும் நடைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. ஓலை பழுத்து, விளிம்பு உதிர்ந்திருக்கிறது. மறுநாள் திரும்பி வரும்போது உள்ளங்கால் முழுக்கக் கொப்புளமாக இருக்கும். அம்மா வெந்நீரில் உப்புப் போட்டு வைத்துக் காத்திருப்பாள். அவர் காலை அதில் வைத்து "ஸ்ஸ்" என்பார். அதுதான் அவர் சிவராத்திரியைப் பற்றிச் சொன்ன முழு விவரம்.

நானும் தம்பியும் அம்மாவை ஆட்டோவில் வைத்துத் திருவிதாங்கோடு வரை போனோம். திருவிதாங்கூர் என்று ஒரு ராஜ்யத்துக்கே பேர் கொடுத்த ஊர், இப்போது ஒரு ஓரமாக அமைதியாக இருக்கிறது. ரோட்டோரம் பந்தல் போட்டுப் பானகமும் மோரும் சுக்குநீரும் கொடுக்கிறார்கள். நாங்கள் நின்ற பந்தலில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்த அக்காவின் கழுத்தில் சிலுவை. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் கவனித்தது வெளியூரில் கிடந்த பழக்கம்.

ஓடுகிறவர்களைவிட பைக்கில் போகிறவர்கள் அதிகம். ஹாரனும் கோவிந்தாவும் கலந்து வருகிறது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "பெட்ரோலுக்கு என்ன மிருகம் தொரத்துகு?" என்றாள். எனக்கு அவ்வளவு குறை இல்லை. என் முன்னால் ஒரு பைக்கின் பின்சீட்டிலிருந்து இறங்கியவருக்கு எழுபது இருக்கும். விசிறியைப் பிடித்திருந்த கை நடுங்கியது. அவர் ஓட வேண்டுமென்று நான் எப்படிச் சொல்ல முடியும்?

கால்நடையாக வந்த பையன்கள் ராத்திரிதான் வந்து சேர்ந்தார்கள். பேசவில்லை. மோர் வாங்கிக் குடித்துவிட்டு, குனிந்து காலைப் பார்த்துவிட்டு, மறுபடி ஓடினார்கள்.

மண்டைக்காட்டில் இன்று ஆறாம் நாள். நள்ளிரவு வலியபடுக்கை. அம்மன் முன்னால் பழமும் பலகாரமும் அவலும் பொரியும் குவித்துப் பெரிதாகப் படைக்கும் பூஜை. வருஷத்தில் மூன்று தடவைதான் உண்டு. போகவில்லை. அம்மாவின் முட்டு ஞாயிற்றுக்கிழமைக்காகச் சேமிக்கப்படுகிறது.


மூன்றாம் நாள் – சனி

அம்மாவின் கண்ணாடிக்குக் கால் ஒட்ட நாகர்கோவில் போனோம். வேலை அரை மணி நேரம். பிறகு கோட்டாறில் ஒரு சாயா, ரசவடை.

கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா நவம்பர் கடைசியில் கொடியேறி டிசம்பர் 3இல் முடியும். கேட்ட வரம் தருகிறவர் என்பதால் ஜாதி மதம் பாராமல் எல்லாரும் மெழுகுவர்த்தியோடு போவார்கள். எங்கள் வீட்டுக்கு அதில் மிட்டாய் முக்கியம். ஏணிப்படி மிட்டாயும் சீனிமிட்டாயும் ஓலைப்பெட்டியில் கட்டி வரும். ஏணிப்படியை ஒரே கடியில் தின்பவன் முட்டாள் என்பது தம்பியின் கொள்கை. ஒவ்வொரு படியாக முறித்துத் தின்ன வேண்டும். கடைசிப் படி வரும்போது கையெல்லாம் பிசுபிசுத்து, எறும்பு பின்னாலேயே வரும்.

2017இல் திருவிழா நடந்துகொண்டிருந்த வாரத்தில்தான் நவம்பர் 29 ராத்திரி ஒக்கி வந்தது. 30ஆம் தேதி காலையில் பெங்களூரிலிருந்து போன் போட்டால் யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. எங்கள் வாழைத்தோட்டம் ஒரே திசையில் படுத்துக்கிடந்தது, யாரோ சீப்பால் வாரிவிட்ட மாதிரி. நாள்கணக்கில் கரண்டு இல்லை. கடலுக்குப் போனவர்களை எதிர்பார்த்துக் கடற்கரை ஊர்களில் வாசலில் உட்கார்ந்திருந்தவர்களோடு ஒப்பிட்டால் எங்களுடையது ஒன்றுமே இல்லை. அந்த டிசம்பர் 3 அன்று மிட்டாய் வரவில்லை. அம்மாவின் கணக்கில் அந்த வருஷத்துக்கு வேறு பேரும் இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் சுசீந்திரம் பற்றிப் பேச்சு வந்தது. மார்கழித் திருவிழாவில் மூன்றாம் நாள் ராத்திரி மக்கள்மார் சந்திப்பு. கோட்டாறு பிள்ளையாரும் வேளிமலைக் குமாரசாமியும் மருங்கூர் முருகனும் அம்மையப்பனைப் பார்க்க வருவார்கள். ஒன்பதாம் நாள் தேர். அன்று ராத்திரி சப்தாவர்ணம் முடிந்து பிள்ளைகள் பிரிகிறபோது வாகனம் சட்டென்று போகாது. முன்னால் போகும், பின்னால் வரும், மறுபடி போகும். தூக்குகிறவர்களுக்குத் தோள் இற்றுப்போகும். பார்க்கிற பொம்பளைகள் கண்ணைத் துடைப்பார்கள்.

"சாமிக்கப் பிள்ளைகளே வருசத்துக்கு ஒருக்கத்தான் வருகு," என்றாள் அம்மா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "மனுசப் பிள்ளைகள எதுக்குக் குத்தம் சொல்ல?"

நான் ரசவடைப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன். வேறு பதில் இல்லை.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு முற்றத்தில் உட்கார்ந்தபோது எங்கள் ஊர்க் கொடை பற்றிப் பேச்சு நீண்டது. மண்டைக்காடு ஊர் உலகத்துக்கு. ஊர்க்கொடை எங்களுக்கு மட்டும். இசக்கியம்மன், சுடலைமாடன், முத்தாரம்மன். சித்திரையில் குடியழைப்பு, மதியக்கொடை, சாமக்கொடை, கடைசியில் எட்டாங்கொடை. என் சிறு வயதில் வில்லுப்பாட்டு விடிய விடிய நடக்கும். தலைமைப் பாட்டுக்காரரான அண்ணாவி வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டினால் மணிகள் மொத்தமாகக் குலுங்கும். பக்கத்தில் உடுக்கு, கட்டை, ஜால்ரா. எனக்குப் பிடித்தவர் குடக்காரர். வில்லோடு கட்டிய மண்குடத்தின் வாயில் பத்தி என்கிற மட்டையால் அறைவார். வயிற்றுக்குள் கேட்கிற சத்தம் அது. பாயில் படுத்துப் பாதித் தூக்கத்தில் இருப்போம். இசக்கி கதையில் கள்ளிச்செடி பிள்ளையாகிற இடத்தில் யாராவது பெரியவர் எங்களை எழுப்பிவிடுவார். கேட்க வேண்டிய இடமாம். பிறகு எங்கே தூங்குவது.

வில்லுப்பாட்டுக்குப் போட்டியாக முதலில் வந்தது திரைகட்டிக் காட்டிய சினிமா. ரீல் மாற்றுகிற இடைவெளியில் வேர்க்கடலை. எண்பதுகளின் கடைசியில் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து டிவியில் மூன்று படம். முன்னால் இருநூறு பேர், பெட்டியோ முழம் அகலம். நான் பார்த்தது முழுக்க ஒரு மாமாவின் தலை. பிறகு பாட்டுக் கச்சேரி, திருவனந்தபுரத்திலிருந்து கானமேளா. தென்னைமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, வாயைப் பக்கத்து ஊர்ப் பக்கம் திருப்பி வைப்பார்கள். அவர்களும் அவர்கள் கொடைக்கு எங்கள் பக்கம் திருப்புவார்கள். இப்போது எல்.இ.டி. திரை, ட்ரோன். வில்லுப்பாட்டு இன்னும் உண்டு, ஆனால் ஒன்பது மணிக்கு முடித்துவிட வேண்டுமாம், பத்தரைக்கு மேடை கச்சேரிக்காரர்களுக்கு வேண்டும். இசக்கி ஒன்பது மணிக்குள் யாரைப் பழிவாங்க முடியும் என்று தம்பி கேட்கிறான்.


நான்காம் நாள் – ஞாயிறு, மண்டைக்காடு

காலை ஆறரைக்கே பஸ்ஸில் இடமில்லை. கேரளத்திலிருந்து இருமுடிக் கட்டோடு வருகிற பெண்கள். "அம்மே சரணம், தேவி சரணம்." பெண்களின் சபரிமலை என்று சொல்வது இதனால்தான். சபரிமலைக்குப் போகிற ஆண்கள் வீட்டைப் பெண்களிடம் விட்டுப் போவார்கள். மண்டைக்காட்டுக்கு வருகிற பெண்கள் வீட்டை யாரிடம் விட்டு வருகிறார்கள் என்பது நான் நேரில் கேட்டுப்பார்த்த கேள்வி. என் பக்கத்து சீட்டுக்காரி, பாறசாலைக்காரி, "பூட்டிட்டு வந்நு" என்று சாவியைக் காட்டினாள்.

உள்ளே இருப்பது புற்று. பதினைந்தடி உயரம் என்பார்கள். சந்தனமுகம் வைத்த அம்மன். 2021 ஜூன் 2 அன்று மேற்கூரையில் தீப்பிடித்தது. ஊரடங்கு நேரம், யாரும் போக முடியாது. தம்பியின் போனில் புகையைப் பார்த்துவிட்டு அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

வெளியே ஆயிரம் அடுப்பு. பொங்கல் பானையிலிருந்து வழியும் நுரை, கண்ணெரியும் புகை, வெடிவழிபாட்டின் சத்தம். மண்டையப்பம் செய்கிறவர்கள் ஒரு பக்கம். அரிசிமாவு, வறுத்த பயறு, சர்க்கரை, ஏலம், சுக்கு சேர்த்துப் பிசைந்து தலை மாதிரி உருட்டி அவிப்பது. தலைவலி உள்ளவர்களின் நேர்ச்சை. கை வலிக்குக் கை, கால் வலிக்குக் கால் என்று உருவங்கள் வாங்கி வைப்பதும் உண்டு. அம்மா இந்த வருஷம் ஒரு கால் வாங்கினாள். ஒன்றுதான். "ரெண்டு முட்டும்தானே வலிக்கு?" என்றேன். "எடது முட்டு அம்மன் பாத்துக்கிடட்டு. வலதுக்கு எண்ணெ தேச்சுக்கிடலாம்."

சாமி கும்பிட்டதும் கடைகள். என் மனசு அங்கேதான் இருந்தது, பொய் சொல்லவில்லை. வளையல், பாசி, பிளாஸ்டிக் குடம், தட்டளவு டெல்லி அப்பளத்தில் மிளகாய்ப்பொடி. சவ்வுமிட்டாய்க்காரர் ஒருவர் இன்னும் இருக்கிறார், பிள்ளைகளின் மணிக்கட்டில் வாட்ச் கட்டிவிடுகிறார். ஓலைப்பெட்டியும் கடவமும் குறைந்துவிட்டன. சுளவு ஒரே ஒரு கிழவியிடம் இருந்தது. வாங்கினோம். வீட்டில் வெந்தயமும் பழைய காகிதமும் ஊறவைத்து அரைத்துப் பூசினால் பத்து வருஷம் உழைக்கும்.

சட்டிக்கடையில் அம்மா வேறு ஆள். தம்பியின் தோளைப் பிடித்து மெல்லக் குந்தினாள். ஒரு சட்டியை எடுத்து இடது உள்ளங்கையில் வைத்து, வலதுகை நடுவிரலின் கணுவால் தட்டினாள். கணீரென்றது. அடுத்ததைத் தட்டினாள். பொத்தென்றது. வைத்துவிட்டாள். கணீரென்றவற்றை மட்டும் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சூரியனுக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தாள், ஊசித்துளை தெரிகிறதா என்று. பிறகு எச்சில் தொட்ட விரலை உள்பக்கம் ஓட்டினாள். ஈரத்தைச் சட்டி எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்பது ஒரு கணக்கு. சட்டிக்காரி முந்நூறு சொன்னாள். அம்மா ஒன்றும் பேசாமல் இரண்டாவது சட்டியையும் எடுத்தாள். "ரெண்டுக்கும் சேத்து நானூத்தி இருவது." "கட்டாதும்மா." அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். எழுந்திருக்க அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்தில் சட்டிக்காரி இறங்கிவந்துவிட்டாள். நானூற்று இருபது.

பேரம் பேசத் தெரியாத அம்மா! நான் அப்பாவின் நோட்டை நினைத்துக்கொண்டேன்.

ராட்டினம் அதே பக்கத்தில்தான் போட்டிருக்கிறார்கள், கடலைப் பார்த்து. 1985இல் எனக்கு ஒன்பது வயது. சித்தியோடு ராட்டினத்தில் ஏறினேன். எங்கள் தொட்டி உச்சிக்குப் போன நேரம் பார்த்துக் கரண்டு போய்விட்டது. அந்தக் காலத்து ஜெனரேட்டர் கூப்பிட்டவுடனே வராது. சித்தி கண்ணை மூடிக்கொண்டு எல்லா சாமியையும் கூப்பிட்டாள், சவேரியார் உட்பட. நான் கண்ணைத் திறந்துகொண்டிருந்தேன். ஒரு பக்கம் இருட்டில் கடல், அதில் சிதறின மாதிரி வள்ளங்களின் விளக்கு. இன்னொரு பக்கம் கீழே கடைகள், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில். அந்த வெளிச்சத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

ஐஸ் தின்றுகொண்டிருந்தாள். கோன் ஐஸ்.

வீட்டுக்கு ஐஸ்காரன் வந்தால் எங்களுக்கு வாங்கித் தருவாள், "எனக்குப் பல்லு கூசும்" என்பாள். எத்தனையோ வருஷம் அதைக் கேட்டிருக்கிறேன். இங்கே ஒரு கையில் சட்டிக் கட்டு, ஒரு கையில் கோன். அவசரமே இல்லாமல், சுற்றி ஓரமாக நக்கி, கீழே வழியாமல் திருப்பித் திருப்பித் தின்றாள். ராட்டினம் நின்றதையே அவள் கவனித்த மாதிரி தெரியவில்லை. "அம்மா" என்று கத்த வாயெடுத்தேன், கத்தவில்லை. ஏன் என்று அப்போதும் தெரியாது. எனக்கு அவளைத் தெரியாத மாதிரி இருந்தது.

இறங்கினதும் அவள் முந்தானையால் வாயைத் துடைத்திருந்தாள். "பயந்துட்டியா மக்ளே?" என்றாள். நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. முப்பத்தொன்பது வருஷம்.

இன்றும் கேட்கவில்லை. வழியெல்லாம் கூட்டம்.


ஐந்தாம் நாள் – திங்கள்

நடமாட்டம் இல்லாத நாள். சட்டி பழக்கினோம். முதலில் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வேண்டும், அது ஆயிற்று. பிறகு உள்ளே வெளியே தேங்காயெண்ணெய் தடவி வெயிலில். அப்புறம் வடித்த கஞ்சித்தண்ணி நிறைய ஊற்றி, சின்னத் தீயில், விளிம்பில் நுரை கட்டுகிற வரை. நானே செய்தேன். அம்மா நடையில் இருந்தபடி "தீயக் கொற", "இப்பம் கூட்டாண்டாம்" என்று ரேடியோ மாதிரி.

நேற்று நான் எழுதியதைத் தம்பி அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். நான் கடைக்குப் போயிருந்த நேரம். திரும்பி வந்தால் அம்மா ஒரு திருத்தம் சொன்னாள். எச்சில் தொட்டது என்று எழுதியது தப்பாம். அது வேர்வை. ஐஸ் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

1982 பற்றியும் எழுதச் சொன்னாள். அந்த வருஷக் கொடையின்போது, மார்ச் 1ஆம் தேதி, மண்டைக்காட்டில் இந்து–கிறிஸ்தவக் கலவரமாகித் துப்பாக்கிச் சூடு நடந்தது. கோயில் பக்கமும் கடற்கரைப் பக்கமும் பிறகு மாவட்டம் முழுக்கவும் எரிந்தது. நீதிபதி வேணுகோபால் கமிஷன் விசாரித்தது. எனக்கு ஆறு வயது. அறிந்ததெல்லாம் கதவு பகலிலும் சாத்தியிருந்தது, அப்பா வேலைக்குப் போகவில்லை, அம்மா குரலைத் தாழ்த்திப் பேசினாள். நோட்டில் அந்த மாசிப் பக்கம் இருக்கிறது. தலைப்பு மட்டும், "கொடைச் செலவு". கீழே எண்கள் இல்லை.

"மீன்காரி எட்டு மாசம் இந்தப் பக்கம் வரல்ல," என்றாள் அம்மா. "பொறவு ஒரு நாளு வந்தா. நான் ஒண்ணும் கேக்கல்ல, அவளும் சொல்லல்ல. அயலை குடுத்தா. வாங்குனேன்." புதுச்சட்டியில் முதலில் வைப்பது எப்போதும் மீன்குழம்புதான். நாளைக்கு ஒடுக்கு. அதனால் புதன்கிழமை.


ஆறாம் நாள் – செவ்வாய், ஒடுக்கு (எழுதுவது புதன் விடிகாலை)

மாவட்டத்துக்கே இன்று உள்ளூர் விடுமுறை. ராத்திரி எட்டு மணிக்குப் போய் இடம் பிடித்தோம். நெருக்கியடிக்கிற கூட்டம். ஒன்பது நாள் கேட்ட வெடி, மைக், ராட்டினத்துப் பாட்டு எல்லாம் இருக்கிறது. நள்ளிரவு நெருங்கியதும் யாரோ விளக்கைத் தணித்த மாதிரி ஒவ்வொன்றாக அடங்கியது. பிள்ளைகளின் வாயைத் தாய்மார் பொத்துகிறார்கள்.

சாஸ்தா கோயிலிலிருந்து சோறும் கறிகளும் பானைகளில் வருகின்றன. தூக்கி வருகிறவர்களின் வாய் சிவப்புத் துணியால் கட்டியிருக்கிறது. பானைகளின் மேலே நீளமாக ஒரே வெள்ளைத் துணி. அத்தனை ஆயிரம் பேர் நிற்கிற இடத்தில் காலடி மண்ணில் உரசுவது கேட்டது, அதற்குப் பின்னால் கடல். பத்து நாளும் கடல் அங்கேதான் இருந்திருக்கிறது. இன்றைக்குத்தான் காதில் விழுந்தது. துணி என்னைக் கடந்து போனபோது புளியும் தேங்காயும் வெந்த வாசனை. உள்ளே போய்விட்டது. யாரோ ஒருவர் இருமினார். உடனே பத்துப் பேர்.

கடைக்காரர்கள் படுதாவை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஐஸ்வண்டி ஒன்று மட்டும் நின்றது. நான் இரண்டு கோன் வாங்கி ஒன்றை அம்மாவிடம் நீட்டினேன். பல் கூசும் என்பாள் என்று எதிர்பார்த்தேன். வாங்கிக்கொண்டாள். கவிழ்த்துக்கிடந்த ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, ஓரமாகச் சுற்றி நக்கினாள். அதே மாதிரி.

"பாத்தியாக்கும் அன்னைக்கு," என்றாள்.

"பாத்தேன்."

"ஒனக்க அப்பாக்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லியிருந்தாலும் காரியமில்ல. கணக்குல ஏறுனாத்தான் அவியளுக்குக் குத்தம். ஐஸ் எந்தக் கொடைக்கும் கணக்குல ஏறுனதில்ல." கோனைத் திருப்பினாள். "சட்டி வெலையில கூட்டிச் சொல்லிருவேன்."

நோட்டு எனக்குக் கண்முன்னே நின்றது. விலை அதிகம். அடுத்த வீட்டில் 3.25. இரண்டு சட்டி ஆறரை ரூபாய். எழுதியிருந்தது எட்டு.

"கோன் அப்பம் என்ன வெல?"

"முக்கா ரூவா."

"ஒண்ணரை ரூவால்லா கூட்டியிருக்கு?"

அம்மா கடைசித் துண்டை வாயில் போட்டு, முந்தானையால் உதட்டைத் துடைத்தாள்.

"ராட்டினம் நின்னுபோச்சு. நீ எறங்குறது வரைக்கும் நான் என்ன செய்யட்டு? இன்னொண்ணு வாங்குனேன்."